பூட்டில்லா அலை

அத்தையின் கேள்வி

சோழவந்தானுக்கு அடுத்த ஒரு கிராமத்தில், ஒரு புறம் வெற்றிலைக் கொடிக்காலும் மறுபுறம் தென்னந்தோப்புமாக அமைந்த பழைய ஓட்டு வீடு ஒன்றில் என் அத்தை வசித்து வருகிறார். அவ்வீட்டின் புறக்கடைச் சுவரில், கைக்கெட்டும் இடைவெளியில், இரண்டு டிஷ்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஒன்று மாதந்தோறும் பணம் கட்டவேண்டிய சேவையைச் சேர்ந்தது. அத்தையின் மகன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனபின் ரீசார்ஜ் செய்வார் இல்லாமல் அது நின்றுபோயிற்று. மற்றொன்று, தீபாவளிக்கு ஊருக்கு வந்த அதே மகன், ஒரே தடவையாகச் சுமார் 2000 ரூபாய் செலவழித்து, மாதச் சந்தா என்பதே இல்லாத தூர்தர்ஷனின் 'டிடி ஃப்ரீ டிஷ்' சேவைக்காக மாட்டிவிட்டுப் போனது.

நான் போயிருந்த அன்று அத்தை என்னைப் புறக்கடைக்கு அழைத்துச் சென்று, இரண்டையும் விரலால் சுட்டிக் காட்டினார்.

"ஏம்ப்பா, ரெண்டும் ஒரே பக்கந்தான் பாத்துக்கிட்டு நிக்குது. அதுக்கு மட்டும் மாசாமாசம் காசு கேக்குறாய்ங்க. இதுக்கு ஒருத்தனும் வந்து கேக்கலையே, அது எப்புடி? பின்னாடி மொத்தமா வந்து கேப்பாய்ங்களோ?"

சற்றுப் பொறுத்து, மனத்தில் இருந்த இரண்டாவது குறையையும் சொன்னார். "காத்து அடிச்சா இந்தப் படம் கட்டங்கட்டமா ஒடைஞ்சு போகுது. மெக்கானிக் ரெண்டு தடவ வந்து என்னத்தையோ மாத்திட்டுப் போயிட்டாரு. சரியாகல."

காசு பற்றிய கேள்வியும் காற்றைப் பற்றிய கேள்வியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமற்றவை போலத் தோன்றினாலும், வானத்திலிருந்து அந்தச் சுவரில் வந்து விழுவது யாது, அது எங்கிருந்து விழுகிறது என்னும் விஷயம் தெளிவானால் இரண்டும் சேர்ந்தே தெளியும். ஆகவே வானத்திலிருந்தே தொடங்குவோம்.

வானத்தில் ஒரு விலாசம்

ஆகாயத்தில் ஒரு பொருள் கீழே விழாமலும் அசையாமலும் நிற்கக்கூடுமா என்று கேட்டால், கூடாது என்பதே விடை. பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் வரையில்தான் எதுவும் விழாமல் இருக்கும். பூமிக்கு அருகே சுற்றுவது விரைந்து ஓடவேண்டும். தொலைவில் சுற்றுவது மெல்லச் சென்றால் போதும். 400 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. சுமார் 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சந்திரனுக்கோ 27 நாட்களுக்கு மேல் ஆகிறது. அப்படியானால் இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில், ஒரு சுற்றுக்குச் சரியாக ஒரு நாளே ஆகும்படியான உயரம் ஒன்று இருந்தே தீரவேண்டுமல்லவா? இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரம் அது. அங்கே ஒரு செயற்கைக் கோளை நிறுத்தி, பூமி சுழலும் திசையிலேயே சுற்றவிட்டால், பூமி ஒரு தடவை சுழன்று முடிக்கும் 23 மணி 56 நிமிஷத்தில் அதுவும் ஒரு சுற்றை முடிக்கும். திருவிழாவில் குடைராட்டினத்தில் எதிரும் புதிருமாக அமர்ந்த இரு குழந்தைகள், ராட்டினம் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் ஒருவருக்கொருவர் இடம் மாறாமல் முகம் பார்த்துக்கொண்டிருப்பதைப் போல, நமக்கு அக்கோள் வானத்தின் ஒரே புள்ளியில் நிற்பதாகத் தோன்றும். இத்தகையதைப் புவிநிலைக் கோள் என்பர்.

இந்த உயரத்தில் மூன்று கோள்களை நிறுத்தினால் உலகம் முழுமைக்கும் ஒலிபரப்பலாம் என்ற யோசனையை 1945-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் விளக்கியவர் ஆர்தர் சி. கிளார்க். பின்னர் 1956 முதல் இலங்கையையே தம் இருப்பிடமாகக் கொண்ட அவருடைய கொழும்பு இல்லத்தில், 1975-இல், இந்திய விண்வெளிப் பொறியாளர்கள் ஒரு பெரிய ஏற்பியைக் கொணர்ந்து நிறுவினார்கள். அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாள் இந்தியா ஒரு பெரும் பரிசோதனையைத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவிடமிருந்து ஓராண்டுக்குக் கிடைத்த ஏடிஎஸ்-6 என்னும் கோளின் வழியாக, ஆந்திரம், கர்நாடகம், ஒரிஸா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய 6 மாநிலங்களின் சுமார் 2400 கிராமங்களுக்கு, விவசாயமும் சுகாதாரமும் பள்ளிப் பாடமும் நேராக வானிலிருந்தே இறங்கின. கோழிக் கூண்டுக்குப் பயன்படும் கம்பி வலையை வளைத்து, 3 மீட்டர் அகலத்தில் செய்த ஏற்பிகளே அக்கிராமங்களில் நின்றன. சந்தா என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. சந்தாத் தொலைக்காட்சியே பழையது, இலவசம் பிற்பாடு வந்த சலுகை என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். சரித்திரக் கிரமம் அதற்கு நேர்மாறானது.

அத்தை வீட்டு டிஷ் எதிர்நோக்குவது ஜிசாட்-15 என்ற கோளை. 3164 கிலோகிராம் எடையும் 24 அலைபரப்பிகளும் கொண்ட அது, 2015 நவம்பரில் தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் ராக்கெட்டில் ஏறிச் சென்றது. கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகை என்பது அதன் விலாசம். செங்கோணம் ஒன்றைத் 90 சம பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு பாகை. தேசப்படத்தில் கிரேட் நிகோபார் தீவிலிருந்து தெற்கே கோடு இழுத்துக்கொண்டு போய்ப் பூமத்திய ரேகையைத் தொட்டால், அந்தக் கடலுக்கு நேர்மேலே அது நிற்கிறது என்று கொள்ளலாம்.

பூட்டிய அலையும் திறந்த அலையும்

டில்லியில் தோடாபூர் என்னுமிடத்தில் உள்ள தரைநிலையத்திலிருந்து நிகழ்ச்சிகள் யாவும் மேலே அனுப்பப்படுகின்றன. கோள் அவற்றை வாங்கி, பலப்படுத்தி, ஏறிவந்த அலையும் இறங்கும் அலையும் ஒன்றையொன்று குழப்பாதிருக்க அலைவரிசையையும் மாற்றிக் கீழே பொழிகிறது. ஏறி இறங்க ஆகும் நேரம் ஒரு வினாடியில் கால் பங்கு.

இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. கோள் பொழியும் அலைக்கு முகவரி கிடையாது. சந்தா கட்டினவன் வீட்டுக்கு ஒரு தாரை, கட்டாதவன் வீட்டுக்கு வறட்சி என்று பிரித்துப் பொழிய அதற்குத் தெரியாது. மாரி பெய்வதைப் போல அது காஷ்மீரத்துப் பனிமலை மீதும், கன்னியாகுமரிப் பாறை மீதும், டிஷ்ஷே இல்லாத குடிசையின் மீதும், அத்தை காயப்போட்ட வடகத்தின் மீதும் ஒரே தன்மையாக, இரவும் பகலும் விழுந்துகொண்டிருக்கிறது. ரீசார்ஜ் நின்றுபோன அந்த முதல் டிஷ்ஷுக்குள்ளும் இந்த நிமிஷம் வரை அலை வந்துகொண்டேதான் இருக்கிறது. பணம் கட்டாததனால் அலை நிற்கவில்லை. பூட்டுத் திறக்கவில்லை, அவ்வளவே.

பூட்டு என்று நான் கூறுவது மறையீட்டை. படத்தையும் ஒலியையும் எண்களாக்கி அனுப்புகிற காலம் இது. அந்த எண்களை அனுப்புமுன் ஒரு ரகசிய முறைப்படி மாற்றி எழுதிவிடுகிறார்கள். அம்முறைக்குரிய திறவுகோலும் சில வினாடிகளுக்கு ஒரு தடவை மாறிக்கொண்டே இருக்கும். திறவுகோல்களும் அதே அலையில், மற்றொரு பூட்டுக்குள் அடங்கியவையாக வந்து சேர்கின்றன. செட்டாப் பாக்ஸுக்குள் இருக்கும் சிறு அட்டையோ சில்லோ, தன் எண்ணுக்கு அநுமதி உண்டா என்று பார்த்து, உண்டு எனில் மட்டும் அதைத் திறக்கும். அந்த அநுமதியும் வானத்திலிருந்தே வரவேண்டும். ரீசார்ஜ் செய்தவுடன், "பெட்டியைக் கொஞ்ச நேரம் ஆன் பண்ணியே வையுங்க" என்று கடைக்காரர் சொல்வதன் தாத்பரியம் இதுதான்.

இலவசச் சேவையில் இத்தகைய கட்டணப் பூட்டு இல்லை. எண்கள் தம் இயல்பான வடிவிலேயே வருகின்றன. உலகப் பொதுவான இலக்கணப்படி அவற்றை வாசிக்கத் தெரிந்த எந்தச் சாதாரணப் பெட்டியும் படத்தைக் காட்டிவிடும். இதைத் திறந்த அலை என்று அழைப்போம். பிறர் பூட்டிய அலையைக் கள்ளத் திறவுகோலால் திறந்து பார்ப்பது குற்றம். திறந்த அலையைப் பார்ப்பதற்கோ எவரிடமும் அநுமதி கேட்க வேண்டியதில்லை, எவரும் பின்னால் வந்து பாக்கி கேட்கவும் இயலாது.

இரண்டு அலைகளும் ஒரே கோளிலிருந்துகூட இறங்கக்கூடும். ஜிசாட்-15-க்கு முன்பு இதே விலாசத்தில் இன்சாட்-4பி என்ற கோள் இருந்தது. தூர்தர்ஷனின் இலவசச் சேவையும், தமிழகத்தில் பெருவாரியாகப் பரவிய சன் டைரக்ட் என்னும் கட்டணச் சேவையும் அதன் வழியாகவே இறங்கின. 2010 ஜூலையில் அக்கோளின் மின்சக்தி அமைப்பில் கோளாறு நேர்ந்து, அலைபரப்பிகளிற் பாதியை நிறுத்தவேண்டி வந்தபோது, பணம் கட்டியவர் கட்டாதவர் என்ற பேதம் பாராமல் இரு சாராரும் சங்கடப்பட்டார்கள்.

காசு கொடுப்பவர் யார்?

அத்தையிடம் இவ்வளவும் சொன்னபின், "அப்ப யாரோ ஒருத்தரு குடுக்கணும்ல?" என்று கேட்டார். உண்மைதான்.

2004 டிசம்பரில் 33 தொலைக்காட்சிகளுடன் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் இச்சேவை தொடங்கியபோது, தரைக் கோபுரங்களின் அலை எட்டாத மலையகங்களுக்கும் எல்லைப்புறங்களுக்கும் அரசாங்கமே செய்த உபகாரமாக அது இருந்தது. தூர்தர்ஷனின் சொந்த அலைவரிசைகள் இன்றும் அவ்வாறே பொதுப் பணத்தில் நடக்கின்றன. தனியார் தொலைக்காட்சிகளின் கதை வேறு. 2011 முதல், கோளில் உள்ள இடங்களை, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி மின்வழி ஏலத்தில் விடுகிறது. தனியார் நிறுவனங்கள் பல கோடி ரூபாய் கொடுத்து அவ்விடங்களை எடுக்கின்றன. அப்பணத்தை விளம்பரம் செய்வோரிடமிருந்து பெறுகின்றன. விளம்பரம் செய்வோர் சோப்பின் விலையிலும் தேயிலையின் விலையிலும் அதைச் சேர்க்கிறார்கள். இச்சேவையைப் பெறும் வீடுகள் நாலு கோடிக்கும் மேல் என்று தொழில்துறையினர் மதிப்பிடுவதால், ஏலத்தில் போட்டிக்குக் குறைவில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருப்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஏலத்தில் மிகுதியாகக் கேட்பவனுக்கே இடம் என்பதனால், பார்ப்பவர் தொகை மிகப் பெரிதாயுள்ள ஹிந்தி மொழித் தொலைக்காட்சிகளே தனியார் இடங்களிற் பெரும்பாலானவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. அத்தைக்குப் பொதிகையாகப் பழகி, 2024 ஜனவரியில் 'டிடி தமிழ்' என்று பெயர் மாறிய அலைவரிசை கிடைக்கிறது. கல்வி அலைவரிசைகள் கிடைக்கின்றன. ஆனால் அவர் விரும்பும் தனியார் தமிழ்த் தொடர்களை அங்கே தேடினால் ஏமாற்றந்தான். பொதுச்சொத்தாகிய ஒரு கோளில், மாநில மொழிகளுக்கென்று ஏலத்துக்கு அப்பாற்பட்டுச் சில இடங்களை ஒதுக்கிவைப்பது நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

பூட்டில்லாத தமிழ்த் தொலைக்காட்சிகள் வானத்தில் இல்லாமலில்லை. வேறு கோள்களிலிருந்து, 'சி பேண்ட்' எனப்படும் நீண்ட அலைகளில் பல இறங்குகின்றன. ஃப்ரீ டிஷ் அலையின் நீளம் இரண்டே முக்கால் சென்டிமீட்டர் இருக்கும். இவற்றின் நீளம் ஏழு எட்டு சென்டிமீட்டர். அலை நீண்டால் அதைத் திரட்டும் கிண்ணமும் பெரிதாக வேண்டும். 6 அடி, 8 அடி அகலமுள்ள டிஷ்ஷை மொட்டைமாடியில் நிறுத்திக்கொண்டு, வெவ்வேறு கோள்களை நோக்கித் திருப்பித் தேடி மகிழ்கிற ரசிகர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஐப்பசி அடைமழையில் சிறு டிஷ்கள் யாவும் மௌனமாகிவிடும்போது, மழைத்துளிகள் அவ்வளவாக உறிஞ்சாத இந்த நீண்ட அலை மட்டும் தடையின்றி வருவது அவர்களுடைய தனிப் பெருமை.

கிண்ணம் எங்கே பார்க்கிறது?

சோழவந்தான் ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையிலும், 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் உள்ளது. கோளோ பூமத்திய ரேகைக்கு மேலே 93.5 பாகையில். ஆகவே நமக்கு அது தெற்கே சற்றும் கிழக்கே அதிகமாகவும் தள்ளி இருக்கவேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால், நேர்வடக்கிலிருந்து கடிகார முள் செல்லும் வழியே 122 பாகை திரும்பி நின்று, அங்கிருந்து 68 பாகைக்குத் தலையை நிமிர்த்தினால் கோளின் இடம் கிடைக்கிறது. அதாவது தென்கிழக்குக்கும் சிறிது கிழக்கே ஒதுங்கி, ஏறக்குறைய உச்சந்தலைக்கு அருகில். டில்லியில் உள்ளவருக்கு இதே கோள் 52 பாகை உயரத்தில்தான் தெரியும். நமக்கும் அதற்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 36,170 கிலோமீட்டர்.

ஆனால் அத்தை வீட்டு டிஷ்ஷைப் பாருங்கள். அது அவ்வளவு மேல்நோக்கியா இருக்கிறது? எதிரே உள்ள தென்னையின் நடுமரத்தையே பார்ப்பதுபோல் நிற்கிறது. இது கண்மயக்கு. இந்தச் சிறு டிஷ்கள் ஒரு பெரிய கிண்ணத்தின் நடுப்பகுதியல்ல, அதன் விளிம்போரத்துத் துண்டு. எனவே அவற்றின் பார்வை முகத்துக்கு நேராகச் செல்லாமல், 20, 25 பாகை மேலே எழுந்து செல்கிறது. மழைநீரும் தூசியும் தங்காதிருக்கவும், எதிரே நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி என்ற ஏற்பிமூக்கு வருகிற அலையை மறைக்காதிருக்கவும் செய்த யுக்தி அது.

இந்தச் சிறு கிண்ணம் திரட்டும் சக்தி எவ்வளவு தெரியுமா? ஒரு வாட்டை லட்சம் கோடி பங்காக்கினால், அவற்றுள் சில பங்கு. அந்த அணுவளவைக் குவித்து மூக்கில் விழச்செய்கிறது கிண்ணம். மூக்கு அதைப் பெருக்கி, கம்பிவழியே செல்லும்படி அதிர்வைக் குறைத்து உள்ளே அனுப்புகிறது. இந்த மூக்கைச் சரியான கோணத்துக்குத் திருகி வைப்பதும் முக்கியம். ஊருக்கு ஊர் அக்கோணம் மாறும். வடநாட்டு அளவிலேயே அதைப் பொருத்திவிட்டு, சிக்னல் போதவில்லை என்று டிஷ்ஷைக் குறை சொல்வதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன்.

இத்தனை சொற்பமான சக்தி வரும் வழியில் ஒரு தென்னங்கீற்று குறுக்கிட்டால் என்னாகும்? ஈரம் நிறைந்த பச்சை ஓலை அலையை விழுங்கிவிடும். எண்கள் பாதி வரும், பாதி வராது. வராத இடமெல்லாம் திரையில் கட்டமாக உடையும்.

பங்குனி இரண்டாம் நாள்

என் சந்தேகம் சுவருக்கு எதிரே, பத்தடிக்குள் நின்ற அந்தத் தென்னையின் மீதே விழுந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத கோளுக்கும் கண்ணுக்குத் தெரியாத அலைக்கும் நடுவே எந்த மட்டை வருகிறது என்று எவ்வாறு கண்டுபிடிப்பது? கருவி எதுவும் வேண்டாம், சூரியனே காட்டிக்கொடுப்பான்.

ஆண்டில் இருமுறை, சூரியன் பூமத்திய ரேகையைக் கடக்கும் நாட்களை ஒட்டி, அது வானத்தில் செல்லும் பாதை கோள் நிற்கும் புள்ளியின் வழியாகவே அமைகிறது. சோழவந்தானுக்கு அந்நாட்கள் மார்ச் 16-ஐயும் செப்டம்பர் 27-ஐயும் ஒட்டியவை. நம் கணக்கில் பங்குனி 2-ஆம் நாளும், புரட்டாசி 10, 11-ஆம் நாளும். பங்குனியில் காலை 11 மணி 14 நிமிஷ அளவிலும், புரட்டாசியில் 11 மணிக்குச் சற்று முன்பும் சூரியன் கோளுக்கு நேர்பின்னே வந்து நிற்கும். அப்போது சூரியனும் தன் பங்குக்கு ரேடியோ அலைகளை டிஷ்ஷுக்குள் வாரி இறைப்பதால், சில நிமிஷம் படம் குலைவதுண்டு. அதே நேரத்தில் சூரிய கிரணம் வரும் வழியும் கோளின் அலை வரும் வழியும் ஒன்றாகிவிடுகின்றன. கிரணத்தை மறைப்பது எதுவோ, அலையை மறைப்பதும் அதுவே.

மூன்று வாரம் பொறுத்திருக்கும்படி அத்தையிடம் சொல்லிவிட்டு வந்தேன். பங்குனி 2-ஆம் நாள் காலை பத்தரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். அத்தை புறக்கடையில் ஒரு முக்காலியைப் போட்டு, மடியில் முறத்தை வைத்து உளுந்து பொறுக்கியபடியே டிஷ்ஷைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்று அடிக்கும்போது டிஷ் முழுதும் வெயில் பளிச்சென்று இருந்தது. ஐந்து நிமிஷம் கழித்து அதன் ஓரத்தில் சீப்புப் பல் போல நிழற்கோடுகள் ஏறத் தொடங்கின. 11 மணி 14-க்கு, ஒரு முழு மட்டையின் நிழல், ஒவ்வோர் இலக்கும் தனித்தனியே தெரியும்படி, டிஷ்ஷின் கீழ்ப்பாதியில் படிந்து கிடந்தது. அப்போது கொடிக்கால் பக்கமிருந்து லேசாக ஒரு காற்று வந்தது. நிழல் மெல்ல மேலேறி முழு டிஷ்ஷையும் ஒரு கணம் மூடி, மறுபடி கீழே இறங்கிற்று.

"இந்த ஓலையா!" என்றார் அத்தை, உளுந்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து.

மட்டையை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். பாளை விட்டிருக்கிற மரத்தில் அரிவாள் வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நிழல் விழாத இடம் எதுவென்று இருவருமாகச் சுவரோரம் நடந்து பார்த்தோம். வடக்கே நாலடி தள்ளி, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, வெயில் தடையின்றி அடித்துக்கொண்டிருந்தது. செங்கல் துண்டால் அத்தை அவ்விடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார். சாயங்காலம் மெக்கானிக் வந்து டிஷ்ஷை அங்கே மாற்றி மாட்டினார்.